கார்டு கடைசியில்: கேமிங் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு மாற்ற சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

கிராபிக்ஸ் கார்டு மாற்ற நினைக்கும் பெரும்பாலானோர் முதலில் கார்டைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பொருந்துமா, கேபினெட்டில் நுழையுமா, மதர்போர்டு ஏற்குமா என்ற கேள்விகள் எல்லாம் கார்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுகின்றன. முப்பதாயிரம் என்று திட்டமிட்ட செலவு நாற்பதாயிரத்தைத் தொடுவதும், வாங்கிய கார்டு பெட்டியிலேயே இரண்டு வாரம் கிடப்பதும் இதனால்தான். கீழே உள்ள வரிசைப்படி போங்கள். முதல் ஐந்து படிகளுக்கு ஒரு பைசா செலவில்லை.

1. குறை கார்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் அது வேலை செய்யும். விளையாடும்போது திரையின் ஓரத்தில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, சிபியு (ப்ராசஸர்) பயன்பாடு, வீடியோ மெமரி (கார்டின் சொந்த நினைவகம்), வெப்பநிலை நான்கும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் (ஃப்ரேம்) எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வி-சிங்க், ஃப்ரேம் வரம்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை இயங்கினால் கார்டு வேண்டுமென்றே சும்மா நிற்கும், நீங்கள் பார்க்கும் எண் பொய்யாகிவிடும்.

உங்களைத் தொல்லைப்படுத்தும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் திணறுகிறது. 60, 70 என்று தொங்கிக்கொண்டிருந்தால் ப்ராசஸரோ ரேமோ கார்டுக்கு வேலை கொடுக்க முடியாமல் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை கூடவே இல்லை என்றால் புது கார்டு வாங்கினாலும் கூடாது.

செலவில்லாமலோ சில ஆயிரத்திலோ தீரக்கூடிய கோளாறுகளையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-லேயே விட்டிருப்பதும் அப்படித்தான். ஒற்றை 8 ஜிபி ரேம் மட்டும் இருந்தால், அதே வேகத்தில் இன்னொன்றைப் போட்டு இரட்டைச் சேனலாக்கினால் திக்கித் திக்கி ஓடுவது பெருமளவு குறையும். வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டினால் பழைய கார்டைத் தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள்.

2. மானிட்டரை வைத்து அளவைத் தீர்மானியுங்கள்

1080 ரெசல்யூஷனில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சம். 1440-இல் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம். 1080 திரை, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 4கே கார்டு வாங்கினால் கூடுதல் பணம் திரையில் தெரியப்போவதே இல்லை. அடுத்த ஒரு வருடத்துக்குள் மானிட்டரையும் மாற்றுவது உறுதி என்றால் மட்டும் அதைக் கணக்கில் சேருங்கள். ‘பிற்காலத்துக்கு உதவும்’ என்று வாங்கும் கார்டு, பிற்காலம் வருவதற்குள் பாதி விலைக்கு வந்துவிடும்.

3. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கார்டு போட்ட பின் கம்ப்யூட்டர் திடீரென்று அணைவது, கேமின் நடுவே ரீஸ்டார்ட் ஆவது, மோசமான நேரத்தில் மதர்போர்டையும் சேர்த்து எரிப்பது எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை செல்போனில் படம் எடுங்கள். பெரிய எழுத்தில் ‘450’ என்று இருக்கும். அதை விடுங்கள். கீழே சின்னக் கட்டங்களில் +3.3, +5, +12 என்று வரிசை இருக்கும். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் மின்சாரம் எடுப்பது +12 வரியில்தான். அதற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். கேபினெட்டோடு சும்மா வந்த ‘450 வாட்’ பெட்டியின் நிஜமான பலம் அவ்வளவுதான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட்.

இப்போது தேவையைக் கூட்டுங்கள். ஐ5-12400எஃப் ப்ராசஸர் உச்சத்தில் 117 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 60 வாட் வைத்தால் மொத்தம் சுமார் 290. கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டித் துள்ளும். அதனால் கூட்டிய எண்ணைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் +12 வரியில் இருக்க வேண்டும். சில கார்டுகளின் வாட் அளவு: ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி பதிப்பு 70, ஆர்எக்ஸ் 6600 132, ஆர்டிஎக்ஸ் 5060 145, ஆர்எக்ஸ் 7600 165, ஆர்டிஎக்ஸ் 3060 170, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180, ஆர்க் பி580 190, ஆர்எக்ஸ் 9070 220, ஆர்டிஎக்ஸ் 5070 250, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304.

அடுத்து கேபிள். மதர்போர்டின் ஸ்லாட் மட்டும் 75 வாட் வரை கொடுக்கும். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. கார்டுக்கான 8 பின், 6+2 என்று பிரியும். ப்ராசஸருக்கான 8 பின் 4+4 என்று பிரியும். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் மின்வரிசை தலைகீழ். அழுத்திச் சொருகப் பார்க்காதீர்கள். கார்டுக்கான கேபிளே இல்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் கடையில் நூறு இருநூறுக்கு ஒரு கன்வெர்ட்டர் நீட்டுவார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா இணைப்பிலிருந்து 8 பின் எடுக்கும் கன்வெர்ட்டரை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு சாட்டா பவர் இணைப்பு தாங்குவது 54 வாட். அதிலிருந்து 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். ஒரே கேபிளில் இரண்டு தலை இருப்பதை 200 வாட்டுக்கு மேல் எடுக்கும் கார்டில் இரண்டு இடத்திலும் சொருகாமல், தனித்தனிக் கேபிளாகப் போடுங்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு கம்பெனியின் கேபிளை அதில் பொருத்தாதீர்கள். கார்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் பெட்டிப் பக்கம் வரிசை மாறும்.

எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் அந்தத் தொகையை இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். கார்டின் தரத்தை ஒரு படி இறக்கியாவது நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குவது மேல். அது அடுத்த இரண்டு கார்டுகளுக்கும் உழைக்கும்.

யூபிஎஸ்ஸையும் இங்கேயே பாருங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் அதில்தான் தொங்குகிறது. பெரிய கார்டு போட்டு கேம் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் பீப் அடித்து அந்த நொடியே கைவிடும். 1100 விஏ, அதாவது 660 வாட் அளவு இருந்தால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். ஈரக் கையோ வெறுங்காலோ கேபினெட்டில் பட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? வீட்டில் எர்த் சரியில்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை ப்ளக் இருந்தும் எர்த் கம்பி போகாமல் இருக்கும். எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சரிசெய்த பிறகு புது கார்டை மாட்டுங்கள்.

4. டேப் எடுத்து அளங்கள்

கேபினெட்டின் பின்தகட்டிலிருந்து முன்பக்க விசிறி வரை மில்லிமீட்டரில் அளங்கள். இரண்டு விசிறிக் கார்டுகள் பெரும்பாலும் 200 முதல் 250 மிமீ. மூன்று விசிறிக் கார்டுகள் பல 300-ஐத் தாண்டும். நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு அகலத்தை மறந்துவிடுவது இன்னொரு பொறி. கார்டின் மேல் விளிம்பில் பவர் கேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடி அதை அழுத்தினால் இணைப்பு தளரும். 16 பின் இணைப்பு உள்ள கார்டில் இது ஆபத்து. அந்த ப்ளக் முழுதாக உட்கார்ந்து, ஒன்றரை அங்குலமாவது நேராக வந்த பிறகுதான் கேபிள் வளைய வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தால் பின்கள் சூடேறி உருகும்.

ஆபீஸிலிருந்து கழித்த பழைய பிராண்டட் டெஸ்க்டாப்பை வாங்கி கேமிங்குக்கு மாற்றுபவர்கள் சென்னையில் நிறைய. அந்த ஒல்லிப் பெட்டிகளில் அரை உயரக் கார்டு மட்டுமே போகும். எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம் என்பதால் கடையில் மாற்று கிடைக்காது. தனிப் பவர் கேபிள் கேட்காத ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் அரை உயரப் பதிப்பு அதற்கு ஒத்துவரும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

5. மதர்போர்டு என்ன சொல்கிறது

கிராபிக்ஸ் கார்டு உட்காரும் நீள ஸ்லாட்டின் பெயர் பிசிஐஇ. எந்தத் தலைமுறைக் கார்டும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் பொதுவாக ஓடும். வேகம்தான் மாறும். ஏ320, பி450, ஏ520, எச்310, பி460 போன்ற போர்டுகள் பிசிஐஇ 3 தலைமுறை. பி550 போர்டு 4 ஆனாலும் அதில் ரைசன் 5600ஜி போன்ற ப்ராசஸர் இருந்தால் 3-ஆகத்தான் ஓடும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600, 7600 எல்லாம் அந்த ஸ்லாட்டின் பதினாறு தரவுத் தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துபவை. பழைய போர்டில் சாதாரணமாகச் சிறு இழப்புதான். ஆனால் வீடியோ மெமரி நிரம்பி சாதாரண ரேமிலிருந்து இழுக்க ஆரம்பித்தால் இழப்பு கண்ணுக்குத் தெரியும். நான்கே தடம் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை பிசிஐஇ 3 போர்டில் போடவே போடாதீர்கள். 4 ஜிபி மெமரியும் சேர்ந்து அதைக் கீழே இழுத்துவிடும்.

இன்டெல் ஆர்க் கார்டு பார்க்கிறவர்களுக்கு ஒரு நிபந்தனை: கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) இயங்க வேண்டும். இல்லையென்றால் வேகம் படுத்துவிடும். இன்டெலில் பத்தாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 3000 வரிசையிலிருந்தும் (3200ஜி, 3400ஜி நீங்கலாக) இது கிடைக்கும். இதை இயக்க சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைக்க வேண்டும். அணைக்கும் முன் ஹார்ட் டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிவு வடிவில் இருக்கிறதா என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருந்தால் விண்டோஸ் பூட் ஆகாது. விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்-டூ-ஜிபிடி கருவி மாற்றிக் கொடுக்கும். அதற்கு முன் முக்கியமான கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள்.

பழைய கார்டு இன்னும் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். புது கார்டு பழைய பயாஸில் கறுப்புத் திரையோடு நிற்பது உண்டு.

6. இப்போது கார்டு

முதலில் வீடியோ மெமரி. இப்போது வாங்குகிறவர்கள் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். இ-ஸ்போர்ட்ஸ் கேம் மட்டும் ஆடுபவர்களுக்கு மட்டும் விலக்கு. 1080-இல் 8 ஜிபி ஓட்டலாம், டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் நுணுக்கம்) ஒரு படி இறக்க வேண்டிவரும். 1440 என்றால் 12 அல்லது 16. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8, 16 என்று இரண்டு பதிப்பில் வருகின்றன. பெட்டியில் பெயர் ஒன்றுதான். கடைக்காரர் சொன்ன ‘நல்ல ரேட்’ 8 ஜிபிக்கானது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் பயனில்லை. விலை கேட்கும்போதே ஜிபியைச் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

1080 திரை, சாதாரண பட்ஜெட்: ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060. போர்டு ஒத்துழைத்தால் 12 ஜிபி உள்ள ஆர்க் பி580. 1440-க்கு 9060 எக்ஸ்டி 16 ஜிபி அல்லது 5060 டிஐ 16 ஜிபியிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு மேல் 5070, 9070. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ வேலையும் உண்டு என்றால் என்விடியா பக்கம் மென்பொருள் ஆதரவு அதிகம். கேம் மட்டும் என்றால் அதே விலைக்கு ஏஎம்டி பெரும்பாலும் கூடுதல் மெமரி தருகிறது.

ஃப்ரேம் ஜெனரேஷன் எண்களை வைத்து கார்டுகளை ஒப்பிடாதீர்கள். இடையில் உருவாக்கிச் செருகும் ஃப்ரேம்கள் அசைவை மென்மையாக்கும், கை அழுத்தியதற்குப் பதில் வரும் வேகத்தைக் கூட்டாது. 30-ஐ 60-ஆக்கினாலும் சுடுவதில் 30-இன் தாமதம்தான் இருக்கும்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசை (1060, 1070, 1080) மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போது வாங்காதீர்கள். அவற்றுக்கான புது கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே திறக்காத புது கேம்களும் வர ஆரம்பித்துவிட்டன. அதனால் ஜிடிஎக்ஸ் 1660-உம் ஆர்எக்ஸ் 5700-உம் கூட யோசிக்க வேண்டியவையே.

ஒரே சிப்பை வைத்துப் பல கம்பெனிகள் கார்டு செய்கின்றன. மூன்று விசிறி, வண்ண விளக்கு என்று ஏறும் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் மிகச் சிறிது. அந்தப் பணத்தில் அடுத்த சிப்புக்கே போக முடியுமா என்று பாருங்கள். ஆனால் சென்னை வெயிலுக்கு இரண்டு விசிறிக்குக் குறையாதீர்கள். ஏசி ஓடும் அறையில் 65 டிகிரி காட்டும் கார்டு, மே மாத மதியம் ஏசி இல்லாத மாடி அறையில் 77, 78 காட்டும். அறை எவ்வளவு ஏறுகிறதோ கார்டும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும்.

7. முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் பில்லில் 9 + 9 என்று பிரிந்து வரும், வெளி மாநிலத்திலிருந்து வந்தால் ஒரே வரியாக 18. கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணா, அந்தக் கார்டு என்ன ரேட்?”

“முப்பது, தம்பி.”

“ஜிஎஸ்டியோடயா?”

“பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும்.”

ஆக விலை 30,000 இல்லை, 35,400. கிரெடிட் கார்டு ஸ்வைப் செய்தால் 2 சதவீதம் கூட்டும் கடைகளும் உண்டு, அது 708 ரூபாய். யூபிஐயில் கொடுத்தால் அது மிச்சம், ஆனால் பெரிய தொகைக்கு உங்கள் வங்கியின் தினசரி வரம்பை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ‘வட்டியில்லா தவணை’ என்று வாங்கினால் செயலாக்கக் கட்டணமும், மறைந்திருக்கும் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் தனியே வரும். முதல் மாத ஸ்டேட்மென்ட்டில் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ், கேபினெட் விசிறி, தேவையானால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள், இவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். கரண்ட் பில்லையும் சேருங்கள். 75 வாட் கார்டிலிருந்து 250 வாட் கார்டுக்குப் போய், தினம் நான்கு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத ரீடிங்கில் 42 யூனிட் கூடும். உங்கள் வீட்டு ரீடிங் ஏற்கெனவே 470, 480 என்று நின்றால் கவனம். 500 யூனிட்டைத் தாண்டும்போது மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழ்ப் படியின் சலுகை விலையும் போய்விடும்.

8. ரிச்சி தெருவா, ஆன்லைனா?

இரண்டு இடத்திலும் விலை கேளுங்கள். ஆன்லைனில் வரி சேர்த்த விலையே தெரியும் என்பதால் அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவிலோ சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலோ இறங்கி நடந்துவிடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் நிதானமாக எதையும் திறந்து பார்க்க முடியாது. வார நாளில் பதினொரு மணிக்குப் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். முதல் கடையிலேயே வாங்காமல் மூன்று கடையில் ஒரே மாடலை முழுப் பெயரோடு கேட்டு, ‘பில்லோடு கடைசி விலை’ என்ன என்று எழுதி வாங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றையும் எடுத்துப் போங்கள். அட்டைப் பெட்டியோடு மழையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கடையில் வாங்குவதன் பலன், முதல் வாரத்தில் கோளாறு என்றால் நேரில் போய் நிற்கலாம் என்பது. ஆனால் ‘டெட் பீஸ்’ என்றால் எத்தனை நாளுக்குள் கடையிலேயே மாற்றித் தருவார்கள் என்று கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு பிறகு நினைவில் இருக்காது. ஆன்லைனில் விற்பனையாளர் பெயரைப் பாருங்கள். ‘திருப்பி எடுப்பதில்லை, மாற்றித் தருவது மட்டும்’ என்ற வரி இருக்கும். பார்சலைப் பிரிப்பதை, ஒட்டிய டேப் தெரிவதிலிருந்து வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

9. பில்லும் பெட்டியும்

கடையை விட்டு வெளியே வரும் முன் சரிபார்க்க வேண்டியவை:

பில்லில் கார்டின் முழு மாடல் பெயர், சீரியல் எண், உங்கள் பெயர், தேதி, கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். ‘கிராபிக்ஸ் கார்டு - 1’ என்று மட்டும் எழுதிய பில் சர்வீஸ் சென்டரில் செல்லாது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலேயே அந்த எண்ணைப் போட்டுக் கடைப் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம்.

பெட்டி மேல் எம்ஆர்பி, இறக்குமதி செய்த நிறுவனத்தின் இந்திய முகவரி, மாதம், வருடம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா? இல்லையென்றால் அது வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். விலை இரண்டாயிரம் மூவாயிரம் குறைவாக இருக்கும், இந்திய வாரண்டி இருக்காது.

பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கார்டின் பின்புறம் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே திறந்து பார்த்து இரண்டையும் படம் எடுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் நம் ஊர் வெயிலில் ஆறு மாதத்தில் வெளிறிவிடும். அன்றைக்கே படம் எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். வாரண்டி பல பிராண்டுகளில் மூன்று வருடம். சிலவற்றில் இணையத்தில் பதிவு செய்தால் கூடுதல் காலம் கிடைக்கும், அதற்கு நாள் கெடு இருக்கும். பெட்டியையும் உள்ளே இருந்த ஸ்பாஞ்சையும் வாரண்டி முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

வாரண்டிக்குக் கொடுத்தால் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை கார்டு இல்லாமல் இருக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12400எஃப் போல எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்டு போனால் திரையே வராது, படிப்பு வேலையும் நின்றுவிடும்.

பில்லோடு வாங்கிய கார்டுக்குக் கடையும் கம்பெனியும் மாறி மாறிக் கைகாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்தான்.

10. பழைய கார்டு வாங்குவதானால்

விற்பவர் வீட்டுக்கே போய், அவர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். ரயில் நிலையத்தில் கைமாற்றுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பென் டிரைவில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட், கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் இரண்டையும் கொண்டுபோங்கள். ஜிபியு-இசட் திறந்தவுடன் சிப்பின் பெயருக்கு முன் போலி என்ற எச்சரிக்கை வந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய சிப்பில் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது நெடுநாள் மோசடி. ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (சிப்பின் கணக்கீட்டு அலகு) எண்ணிக்கை 2304 இருக்கிறதா என்று பாருங்கள். 2048 என்றால் அது பலவீனமான வேறொரு பதிப்பு, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். வண்ணப் புள்ளிகள், கோடுகள், திரை ஒரு நொடி கறுத்து வருவது, எதுவும் வரக்கூடாது. விசிறியின் ஒலியில் கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுங்கள். எல்லா போர்ட்டிலும் கேபிளை மாற்றிச் சொருகிப் பாருங்கள். பிறகு கார்டைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் பிடியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து வரும் கார்டில் பின்தகடும் திருகுகளும் துருவேறியிருக்கும். தகட்டில் துரு மட்டும் என்றால் பரவாயில்லை. போர்டில் பச்சை படிந்திருந்தால் வேண்டாம். ஹீட் சிங்க் இடுக்கில் காய்ந்த மண் கோடு தெரிந்தால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஏதோ ஒரு வெள்ளத்தில் நனைந்த கார்டு அது. இன்று ஓடும், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கார்டுகளை ஓட்டி ஈட்டும் மைனிங் நின்றபோது சந்தைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 30 கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ஆனால் விசிறியும் தெர்மல் பேடும் மாற்ற வேண்டிவரும் என்று விலையில் குறைத்துக் கேளுங்கள்.

11. மாட்டும் நாள்

புது கார்டுக்கான டிரைவரை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். கம்பெனி மாறுகிறது என்றால், உதாரணமாக என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு, டிடியு என்ற கருவியை சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரை முழுதாக நீக்குங்கள். அப்போது நெட் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் தானாக ஏதாவது ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

கரண்டை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பழைய கார்டை எடுக்கும்போது ஸ்லாட்டின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் தாழ்ப்பாளை முதலில் அழுத்துங்கள். அதை மறந்து இழுத்தால் ஸ்லாட் பெயர்ந்துவிடும். புது கார்டை ப்ராசஸருக்கு அருகில் உள்ள முதல் நீள ஸ்லாட்டில், தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழும் வரை நேராக அழுத்துங்கள். திருகு போட்டு, பவர் கேபிளைச் சொருகி, அதன் கொக்கி விழுந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். விசிறிப் பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறக்காதீர்கள். மானிட்டர் கேபிள் கார்டில்.

திரை வரவில்லை என்றால் பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்: மானிட்டர் கேபிள் எங்கே, பவர் கேபிள் முழுதாகப் போயிருக்கிறதா, கார்டு ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதா, பிறகு சிமோஸ் ரீசெட் (பயாஸ் செட்டிங்கை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது), கடைசியாக பயாஸ் பதிப்பு. நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் ‘கார்டு போச்சு’ என்று கடைக்கு ஓடாதீர்கள்.

12. முதல் ஏழு நாள்

கடை மாற்றித் தரும் காலம் இதுதான், அதனால் கார்டை வேலை வாங்குங்கள். முதல் நாளே ஜிபியு-இசட்டில் மெமரி அளவு, பிசிஐஇ தலைமுறை, ரீசைசபிள் பார் மூன்றையும் பார்த்துப் படம் எடுங்கள். தினம் இரண்டு மணி நேரமாவது கனமான கேம் ஓட்டுங்கள். ஒரு நாளாவது ஏசி இல்லாமல் மதியத்தில் ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை வந்தால் அந்த நிமிடமே செல்போனில் வீடியோ எடுங்கள். கடைக்குப் போனதும் கார்டு சாதுவாக ஓடும்.

வெப்பம் 80-ஐத் தாண்டினால் ஆஃப்டர்பர்னரில் பவர் வரம்பை 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஃப்ரேம் சிறிதளவே குறையும், விசிறிச் சத்தமும் சூடும் நன்றாகவே குறையும்.

இந்த ஏழு நாள் முடியும் வரை பழைய கார்டை விற்காதீர்கள். அதன் பிறகு தூசி தட்டி, ஃபர்மார்க் ஓடுவதைத் தேதி தெரிய வீடியோ எடுத்து, பில் நகலோடு விளம்பரம் போடுங்கள். பெட்டியும் பில்லும் உள்ள கார்டுக்கு எப்போதும் கூடுதல் விலை கிடைக்கும், விரைவாகவும் போகும்.